காஞ்ச துணி, புதுத் தண்ணி

எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல ஒரே வீடியோ சுத்திச் சுத்தி வருது. ஒருத்தர் அனுப்பி ஓஞ்சா அடுத்தவர் அனுப்பறார். “கெமிக்கலே இல்லாத பேபி வைப்ஸ், வீட்டிலேயே, அஞ்சே நிமிஷத்துல!”

கிச்சன் டிஷ்யூ ரோலை ரெண்டா வெட்டறாங்க. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள நிக்க வைக்கறாங்க. தண்ணி, தேங்காய் எண்ணெய், பேபி ஷாம்பூ, கத்தாழை ஜெல், கூடவே ரெண்டு சொட்டு லாவண்டர் எண்ணெய் (சில பேர் டீ ட்ரீ எண்ணெய்). எல்லாத்தையும் கலக்கி மேல ஊத்தி, மூடில ஒரு ஓட்டை போட்டு, நுனியை வெளிய இழுத்து விட்டா முடிஞ்சுது.

கடைசில ஒரு வரி வருது பாருங்க. “மூணு மாசம் வச்சுக்கலாம், கெடாது!”

எனக்குக் கோவம் வர்றது இந்த இடத்துலதான்.

நம்ம வீட்டுச் சட்னி மறுநாள் தாங்காது. மாவு வெளில இருந்தா புளிச்சுப் பொங்குது. கத்தாழையும் தண்ணியும் கலந்த ஈரக் காகிதம் மட்டும் சென்னை வெயில்ல மூணு மாசம் எப்படிங்க தாங்கும்? அதுவும் பொறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தையோட தோல்ல தேய்க்கப் போற பொருள்!

வீட்டுல வைப்ஸ் பண்ணவே கூடாதுன்னு சொல்ல வரல. நான் பண்றேன். எங்க பாப்பாவுக்கு அதுதான். ஆனா அது அந்த டப்பா இல்ல.

முதல்ல, கடைல வாங்கற வைப்ஸ்ல என்னதான் இருக்குன்னு பாத்துடலாம். பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சீங்கன்னா முதல் பேரே தண்ணி. முக்கால்வாசிக்கும் மேல அதான். அப்புறம் கிளிசரின், சிட்ரிக் ஆசிட், அழுக்கு எடுக்க மிதமான ஒரு சோப்புச் சரக்கு, வாசனை, கடைசியா சோடியம் பென்சோயேட், பீனாக்ஸி எத்தனால் மாதிரி கெடாம காக்கற பொருள்கள். துணி மாதிரி தெரியறது பல பிராண்டுல பாலியஸ்டர் கலந்தது. அதாவது பிளாஸ்டிக் இழை. மக்காது.

(இந்த ஈர டிஷ்யூ குழந்தைக்காகப் பொறந்ததே இல்ல, தெரியுமா? 1957ல அமெரிக்காவுல ஆர்தர் ஜூலியஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சார். 1963ல கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் கடைகளுக்குக் கொடுத்தார், கோழி சாப்பிட்டவங்க கை துடைச்சுக்க. தொட்டில் பக்கம் அது வந்து சேர்ந்தது அதுக்கப்புறம்.)

கெடாம காக்கற பொருள்னா உடனே விஷம்னு அர்த்தம் இல்ல. ஈரத்தைப் பாக்கெட்டுக்குள்ள அடைச்சு மாசக்கணக்குல வைக்கணும்னா அது இல்லாம முடியாது. அது இல்லன்னா கிருமிதான் குடியேறும்.

அதுக்காக அம்மாக்களோட பயம் காரணமே இல்லாததுன்னும் சொல்ல மாட்டேன். மெத்தில் ஐசோதையசோலினோன்னு ஒரு பொருள் இருந்தது. வைப்ஸ்ல நிறைய போட்டாங்க. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை டாக்டர்கள் சங்கம் 2013க்கான ‘இந்த வருஷ ஒவ்வாமைப் பொருள்’னு அதைத்தான் அறிவிச்சது. 2014ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல 6 குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. வைப்ஸ்ல இருந்த அந்தப் பொருளாலதான் அவங்களுக்குத் தோல் அழற்சின்னு கண்டுபிடிச்சாங்க. வைப்ஸை நிறுத்தினதும் சரியாச்சு. கழுவி விடாம தோல்லயே தங்கற பொருள்கள்ல அதைச் சேர்க்கக் கூடாதுன்னு 2017ல ஐரோப்பாவுல தடை வந்துடுச்சு. அதனால பாக்கெட் வாங்கறவங்க அந்தப் பேர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. வாசனை சேர்த்ததைத் தவிர்த்துடுங்க. இது ரெண்டும் போதும்.

இன்னொரு ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிச்சது. இங்கிலாந்துல மான்செஸ்டர்ல 280 பச்சக் குழந்தைங்களை ரெண்டு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு வைப்ஸ். இன்னொண்ணுக்குப் பஞ்சும் தண்ணியும். நாலு வாரம் கழிச்சுத் தோலோட ஈரப்பதத்தை அளந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். 2012ல வெளியாச்சு. அதுக்குப் பணம் கொடுத்ததே வைப்ஸ் விக்கற ஒரு கம்பெனி! “எங்க வைப்ஸ் தண்ணிக்குச் சமம்”னு அவங்க சந்தோஷப்பட்டாங்க. நான் அதைத் திருப்பிப் படிச்சேன். தண்ணி வைப்ஸுக்குச் சமம். சாதாரணத் தண்ணி!

நம்ம ஊர்ல இது யாருக்கும் புதுசும் இல்ல. ஆய் போனா கொல்லைக் குழாயடிக்குத் தூக்கிட்டுப் போய்க் கழுவி விடறதுதான் நம்ம பழக்கம். வீட்டுல இருக்கறப்ப அதுக்கு ஈடு எதுவுமே கிடையாது. நடுராத்திரி, மழைக்காலக் குளிர், பஸ் பயணம், கல்யாண மண்டபம், இதுக்குத்தான் வைப்ஸ் வேணும்.

சரி, அந்த டப்பாவுக்கு வர்றேன். வீடியோல சொன்ன மாதிரியே ரெண்டு டப்பா பண்ணினேன். பாப்பாவுக்குப் போட இல்ல, என்ன ஆகுதுன்னு பாக்க. ஒண்ணு சமையல்கட்டு அலமாரில. இன்னொண்ணு ஃபிரிட்ஜ்ல.

எண்ணெயும் தண்ணியும் சேரவே இல்லை. மேல இருந்த காகிதம் பிசுபிசுன்னு எண்ணெய், அடில இருந்தது சொட்டச் சொட்டத் தண்ணி. அலமாரி டப்பாவைச் சில நாள்லயே திறந்தா, மழைநாள்ல மடிச்சு வச்ச ஈரத்துணி வாடை. மூடியோட உள்பக்கம் விரலை வச்சேன், வழுக்கிச்சு. ரோலோட அடில லேசா ரோஸ் நிறத்துல ஒரு படலம். ஃபிரிட்ஜ் டப்பால வாடை வரக் கொஞ்சம் தாமதம். ஆனா காகிதம் பூரா வெள்ளை வெள்ளையாப் பொடி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிடுமே, அதான்.

காகிதமும் சரிப்படலை. ஒரு நனைஞ்ச தாளை என் கைல தேய்ச்சுப் பாத்தேன். நூல் நூலாத் திரிஞ்சு ஒட்டிக்கிச்சு. குழந்தையோட தொடை மடிப்புல அந்தத் துணுக்கு மாட்டினா அதை எடுக்கறதுக்கே தனியாத் தேய்க்கணும்.

இங்கதான் எனக்குத் தெளிவாச்சு. பொருளை மாத்தி மாத்திப் போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஈரத்தை அடைச்சு வைக்கறதுதான் தொல்லையே. துணியைக் காய வச்சே வைப்போம். தண்ணியைத் தனியா வைப்போம். துடைக்கற நேரத்துல ரெண்டையும் சேர்ப்போம். தண்ணியும் துணியும் சேர்ந்து இருக்கப் போறது சில நொடிதான். அதுக்குள்ள எந்தக் கிருமி வளரும்? எதுக்குக் கெடாம காக்கற பொருள்?

என்னோட இயற்கை வைப்ஸ் இவ்வளவுதான்.

அடுத்தது, எந்தத் துணி? இதுல நான் கொஞ்சம் ஆராய்ச்சியே பண்ணிட்டேன்.

மாமாவோட பழைய மல் வேட்டி ஒண்ணு இருந்தது. அதைத்தான் முதல்ல எடுத்தேன். “நல்லா நைஞ்சதா எடும்மா, புதுசு குத்தும்”னு அத்தை சொன்னாங்க. நூத்துக்கு நூறு உண்மை. புதுத் துணில கஞ்சி இருக்கும், தண்ணியை உறிஞ்சாது. சொட்டு விட்டா முத்தா நிக்கும். பல வருஷம் துவைச்ச வேட்டில சொட்டு விழுந்த உடனே பரவிடும். வாங்கறதுக்கு முன்னாடி இந்தச் சொட்டுச் சோதனையைப் பண்ணிப் பாருங்க, எந்தத் துணிக்கும் பொருந்தும்.

ஒரு நாலு முழ வேட்டியை ஒரு சாண் சதுரமா வெட்டினா ஒத்தைத் துணியா 50 கிட்ட வரும். ஒத்தைல துடைச்சா விரல் வரைக்கும் ஊறுது, அதனால ரெண்டு ரெண்டாச் சேர்த்துத் தைச்சேன். 25. ஓரம் பிரியாம இருக்கத் தெருமுனை டெய்லர்கிட்ட ஓவர்லாக் போட்டுக்கிட்டேன்.

திருப்பூர்ல இருக்கற என் நாத்தனார் பனியன் துணி கட்பீஸ் ஒரு மூட்டை அனுப்பினாங்க (அங்க அதைக் கிலோ கணக்குல எடை போட்டு விக்கறாங்க). பனியன் துணிக்குத் தையலே வேண்டாம், வெட்டின ஓரம் பிரியாது. சுருண்டுக்கும், அவ்வளவுதான். இழுவை இருக்கறதால மடிப்புக்குள்ள நல்லாப் போகுது. வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க, முழுக்காட்டனா இருக்கணும். பாலியஸ்டர் கலந்தா தண்ணியைத் தள்ளி விடும். சாயம் போற அடர் நிறமும் வேண்டாம்.

ஈரிழைத் துண்டு அருமை. சீக்கிரம் காயுது, மழைக்காலத்துக்கு ஏத்தது. டர்க்கி டவல் எனக்குப் பிடிக்கலை. அந்த வளைய நூல்ல ஆய் போய்ச் சிக்கிக்குது. எங்க ஏரியா போர் தண்ணி உப்பு, அதுல துவைச்சா அந்த டவல் விறைச்சுப் போகுது.

பழைய துணின்னதும் ஒரு எச்சரிக்கை. பீரோல பாச்சை உருண்டை போட்டு வச்ச துணியைக் குழந்தைக்கு எடுக்காதீங்க. அதுல இருக்கற நாப்தலீன், ஜி6பிடிங்கற என்சைம் குறைவா இருக்கற குழந்தைங்களோட சிவப்பணுவை உடைச்சு, மஞ்சள் காமாலையை ரொம்ப மோசமாக்கிடும். நம்ம குழந்தைக்கு அந்தக் குறை இருக்கான்னு பல பேருக்குத் தெரியவே தெரியாது. பாட்டியோட பட்டுப் போல மெத்துன்னு இருக்கற பழைய புடவையே ஆனாலும், அந்த வாடை அடிச்சா எடுக்கவே வேண்டாம்.

தண்ணிக்கு வருவோம். கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி. ராத்திரிக்கு ஒரு சின்ன எவர்சில்வர் ஃபிளாஸ்க்ல வெதுவெதுன்னு ஊத்தி, பக்கத்துல துணி அடுக்கு. மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாத்துட்டுத்தான் தொடணும். காலைல மிச்சத் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவுத்துடுவேன். மறுபடி புதுசு.

தண்ணில என்ன கலக்கறேன்னு கேப்பீங்க. ஒண்ணுமே இல்ல.

எண்ணெய் தனி. பொறந்த புதுசுல வர்ற கருப்பு ஆய் இருக்கே, தண்ணிக்கு அசையாது. காஞ்ச துணில ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு முதல்ல ஒத்தி எடுத்தா வந்துடும். அப்புறம் ஈரத்துணி. அப்புறம் ஒரு காஞ்ச துணியால ஒத்தி ஈரத்தை எடுக்கணும். தேய்க்க வேண்டாம். பொண் குழந்தைக்கு எப்பவும் முன்னாடிலேர்ந்து பின்னாடி துடைக்கணும்.

வீடியோல வர்ற மத்த சாமான் ஏன் வேண்டாம்னு கேட்டா, சொல்றேன்.

ஆப்ப சோடா சிலர் போடச் சொல்றாங்க. தோலோட இயல்பு லேசான அமிலம். சோடா காரம். சோப்பும் காரம்தான். ஏற்கெனவே மூத்திரமும் ஆயும் சேர்ந்து ஊறினா அம்மோனியா உருவாகி அந்த இடம் காரமா மாறும். அப்போ ஆய்ல இருக்கற செரிமான என்சைம்கள் வேகமா வேலை செஞ்சு தோலை அரிக்கும். டயப்பர் புண் ஆரம்பிக்கறதே இப்படித்தான். அதுல நாமளும் போய்க் காரத்தைக் கொட்டணுமா?

டீ ட்ரீ, லாவண்டர், யூகலிப்டஸ் மாதிரி வாசனை எண்ணெய் எல்லாம் பச்சக் குழந்தைத் தோலுக்கு ரொம்ப வீரியம். கற்பூரம் கிட்டவே வரக் கூடாது, வயித்துக்குள்ள போனா வலிப்பு வரும். துடைச்ச கையை வாய்ல வைக்கற வயசுங்க அது.

வேப்பெண்ணெய் நம்ம ஊர் மருந்துதானேன்னு தோணும். 1981லயே லான்செட் இதழ்ல மலேசியாவுலேர்ந்து டாக்டர்கள் எழுதியிருக்காங்க. வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்த குழந்தைங்களுக்கு மூளையும் ஈரலும் பாதிச்சு, உயிருக்கே ஆபத்தாச்சுன்னு. மரத்துலேர்ந்து வந்ததுங்கறதுக்காக ஒரு பொருள் குழந்தைக்கு ஏத்ததாகிடாது. நான் ‘இயற்கை’ன்னு சொல்றது எதையும் சேர்க்காம விடறதைத்தான்.

வெளியூர் போறப்ப? ஒரு பைல காஞ்ச துணி, அமுக்கினா பீச்சற ஒரு சின்ன பாட்டில்ல ஆறின தண்ணி, அழுக்குத் துணிக்குத் தண்ணி கசியாத இன்னொரு பை. அவ்வளவுதான். முன்கூட்டியே நனைச்சுத்தான் ஆகணும்னா அன்னைக்குத் தேவையானதை மட்டும் நனைச்சுப் பிழிஞ்சு எடுத்துட்டுப் போங்க. மிஞ்சினது ராத்திரி துவைக்கப் போயிடணும்.

இப்போ துவைக்கறது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி (நெஜமாத்தான்!).

ஆய்த் துணியை முதல்ல குழாய்த் தண்ணில அலசி விட்டுடணும். அப்புறம் சுடுதண்ணில சோப்புப் போட்டுத் துவைச்சு, சோப்பு துளிகூட இல்லாம அலசணும். துணியை மெத்துன்னு ஆக்கற திரவம் வேண்டாம், உறிஞ்சற குணம் போயிடும். ஆன்டிசெப்டிக் திரவமும் வேண்டாம், மிச்சம் தங்கினா எரியும். அப்புறம் மொட்டை மாடி வெயில்.

தாய்ப்பால் குடிக்கற குழந்தையோட ஆய் மஞ்சளா இருக்குமே, துவைச்சும் அந்தக் கறை நிக்கும். ஈரத்தோட வெயில்ல போட்டீங்கன்னா சாயங்காலம் காணோம்! அது எப்படின்னு தேடிப் படிச்சப்ப ஆச்சரியமாப் போச்சு. அந்த மஞ்சள் பெரும்பாலும் பிலிருபின். வெளிச்சம் பட்டா உருமாறிச் சிதைஞ்சிடும். மஞ்சள் காமாலை வந்த குழந்தையை ஆஸ்பத்திரில நீல விளக்குக்குக் கீழ வைக்கறாங்களே, அதுவும் இதே சங்கதி. 1950கள்ல இங்கிலாந்துல ராச்ஃபர்ட் ஆஸ்பத்திரில ஜீன் வார்டுன்னு ஒரு நர்ஸம்மா குழந்தைங்களை வெயில்ல கொண்டு போய் வைப்பாங்க. வெயில் பட்ட இடத்துல மஞ்சள் குறையுதுன்னு கவனிச்சது அவங்கதான். அங்கயே ஜன்னலோரம் வெயில்ல கிடந்த ஒரு சோதனைக் குழாய் ரத்தத்துல பிலிருபின் அளவு குறைஞ்சிருந்ததையும் ஆஸ்பத்திரிக்காரங்க பாத்தாங்க. அந்தக் கண்டுபிடிப்பு 1958ல லான்செட்ல வந்து, உலகம் பூரா அந்த விளக்கு வந்துடுச்சு. (இதைப் படிச்சுட்டு மஞ்சளா இருக்கற குழந்தையை வீட்டு வெயில்ல வச்சுட்டுச் சும்மா இருந்துடாதீங்க. டாக்டர்கிட்டத்தான் போகணும்.)

நம்ம கொடில காயற துணில நடக்கறதும் அந்த வைத்தியத்துல நடக்கறதும் ஒண்ணுங்கறது எவ்வளவு அழகு!

எந்த வைப்ஸ் போட்டாலும் டயப்பர் புண் வரலாம். ஈரத்தோட விடாம சீக்கிரம் மாத்தறது, காத்தாடக் கொஞ்ச நேரம் சும்மா விடறது, ஜிங்க் ஆக்சைடு கிரீம், இதுல பொதுவா அடங்கிடும். ரெண்டு மூணு நாள்ல அடங்கலைன்னாலோ, மடிப்புக்குள்ள நல்லாச் சிவந்து சுத்திப் பொட்டுப் பொட்டாப் பரவினாலோ (பூஞ்சைத் தொற்றா இருக்கலாம்), கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ, வீட்டு வைத்தியம் எதுவும் பாக்காம டாக்டர்கிட்டப் போயிடுங்க.

கடைசியா ஒரு விஷயம். எனக்கு இதுதான் முக்கியம்.

துணி வைப்ஸ் காசை மிச்சம் பண்ணும், குப்பையைக் குறைக்கும். ஆனா அது வேலை. அலசணும், துவைக்கணும், காயப் போடணும், மடிக்கணும், தினமும். பிரசவம் முடிஞ்சு பச்ச உடம்போட, தூக்கமில்லாம, பால் கொடுத்துட்டு இருக்கறவ தலைல இதையும் கட்டிட்டு, “பாருங்க, எங்க வீட்டுல எல்லாம் இயற்கை”ன்னு பெருமை பேசறதுல எனக்குச் சம்மதமே இல்ல. ஆள் இல்லாத வீட்டுல, தனியாச் சமாளிக்கற அம்மா, வேலைக்குப் போற அம்மா, தாராளமா வாசனை இல்லாத பாக்கெட் வாங்கிக்கோங்க. குற்ற உணர்ச்சியே வேண்டாம். ராத்திரிக்கு மட்டும் துணி, பகல்ல பாக்கெட்னு கலந்து வச்சுக்கிட்டாலும் நல்லதுதான்.

எங்க வீட்டுல துணி வாளி என் வீட்டுக்காரர் பொறுப்பு. காலைல ஆஃபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி அலசி, துவைச்சு, மாடில போட்டுட்டுத்தான் போவார். சாயங்காலம் மாமா எடுத்துட்டு வந்து மடிச்சு அடுக்கி வைப்பார். அத்தை ஃபிளாஸ்க் பாத்துப்பாங்க. இந்த ஏற்பாடு இருக்கறதாலதான் துணி வைப்ஸ் எங்களுக்குச் சரிப்பட்டு வருது.

அதனால உங்க வீட்டுலயும் பண்ணணும்னு ஆசைப்பட்டீங்கன்னா, வேட்டியை வெட்டறதுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, வாளி யாரோடதுன்னு பேசி முடிச்சிடுங்க.